சூரியகாந்தியில் பொக்கு ஏன் விழுகிறது? கொண்டையைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 30 சூரியகாந்திச் செடிகள் வைத்தீர்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தன, கொண்டைகளும், அதாவது பூத்தலைகளும், தட்டு அகலத்துக்கு வந்தன. முற்றியதும் அறுத்து, விதையை உடைத்துப் பார்த்தால் முக்கால்வாசி பொக்கு, அதாவது உள்ளே பருப்பில்லாத வெற்று ஓடு. உரம் போதவில்லையா, விதை சரியில்லையா, அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும்?

உரம் என்று சொல்லி முடித்துவிடலாம். எந்தச் செடியில் எந்தக் குறை வந்தாலும் முதலில் வரும் பதில் அதுதான். ஆனால் உரம் பற்றாத சூரியகாந்தி நோஞ்சானாக நிற்கும், இலை வெளிறும், கொண்டை கையளவுகூட வராது. உங்கள் செடி அப்படி இல்லை. உடம்பு நன்றாக வளர்ந்து, கொண்டையும் பெரிதாகி, பருப்பு மட்டும் காணோம் என்றால் முதல் சந்தேகம் பூத்திருந்த அந்த ஒரு வாரம், பத்து நாள் மேல்தான் விழ வேண்டும். அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது கொண்டையிலேயே பதிவாகியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் ஒற்றைப் பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை. சாமந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்ந்த இந்தக் குடும்பத்தின் வழக்கப்படி, ஆயிரத்தைத் தாண்டும் சின்னஞ்சிறு பூக்கள் ஒரே தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. ஓரத்தில் மஞ்சள் இதழ் போல நீண்டு தெரிவது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. அவற்றைக் கதிர்ப்பூ என்பார்கள். அவை விதை பிடிக்காது. தேனீயைக் கூப்பிடுவதற்கு மட்டும் கட்டிய விளம்பரத் தட்டி அது. விதை தருவது நடுவில் இருக்கும் தட்டுப்பூக்கள்தான். ஒரு தட்டுப்பூவுக்கு ஒரு விதை, அவ்வளவே.

விதை என்று நாம் சொல்வதும் உண்மையில் ஒரு பழம். வெளியே இருக்கும் கோடு போட்ட ஓடு பழத்தின் தோல். உள்ளே இருக்கும் பருப்புதான் விதை. இந்த இரண்டும் ஒன்றையொன்று கேட்டு வளர்வதில்லை. மகரந்தம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் தாய்ச்செடி ஓட்டைக் கட்டிவிடும். பருப்பு வருவதற்கு முன்பே ஓடு தன் முழு அளவை எட்டிவிடும். அதனால்தான் வெளியில் இருந்து பார்க்கும்போது கொண்டை நிறைந்த மாதிரி இருக்கிறது, உடைத்தால் காற்று. ஓட்டின் அளவை வைத்து விதை பிடித்ததா என்று சொல்லவே முடியாது. இது தெரியாமல் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, இப்போது கொண்டையைப் படிப்போம். உங்களிடம் உதிர்க்காத கொண்டை ஒன்றாவது மீதி இருந்தால் நல்லது. ஓரத்தில் இருந்து நடு வரை ஒரு கோடு இழுத்த மாதிரி, வரிசையாக விதைகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். எத்தனை பொக்கு என்பதைவிட, பொக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம்.

காரணம், தட்டுப்பூக்கள் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. ஓரத்து வட்டம் முதலில் மலரும். மறுநாள் அதற்கு உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு வரிசை. அடுத்த நாள் அதற்கும் உள்ளே. இப்படி வெளியில் இருந்து உள்ளே நகர்ந்து, மொத்தமும் மலர்ந்து முடிய 5 முதல் 10 நாள் ஆகும். ஆகவே கொண்டை என்பது ஒரு நாட்காட்டி. ஓரம் முதல் நாள், நடு கடைசி நாள். ஓரத்தில் நல்ல பருப்பு, நடுவிலும் பருப்பு, இடையில் ஒரு வளையம் மட்டும் பொக்கு என்றால் அந்த வளையம் மலர்ந்த இரண்டு மூன்று நாட்களில் ஏதோ நடந்திருக்கிறது. விடாமல் மழை பெய்து தேனீ வெளியே வராமல் இருந்திருக்கலாம், மகரந்தம் நனைந்து வீணாகியிருக்கலாம். கடும் வெயில் அடித்திருக்கலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிப் போனால் மகரந்தத்தின் உயிர்ப்பே குறைகிறது. அல்லது யாராவது பூச்சிமருந்து அடித்திருக்கலாம். தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பொக்கு நடுவில் மட்டும் குவிந்திருந்தால் அது வேறு கதை. நடுப்பகுதிப் பூக்கள் கடைசியாக மலர்கின்றன, சாப்பாட்டுப் பந்தியிலும் அவற்றுக்குக் கடைசி இடம்தான். முந்திக்கொண்ட ஓரத்து விதைகள் நீரையும் சத்தையும் இழுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் நடுவுக்கு. நல்ல பராமரிப்பில்கூட நடுவில் ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் வெறுமையாக இருப்பது சகஜம், அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அது உள்ளங்கை அளவுக்குப் பெரிதானால் பூக்கும் பருவத்தில் தண்ணீர் பற்றவில்லை, அல்லது செடிகள் நெருக்கமாக நின்றன, அல்லது இலை நோயில் போய்விட்டது என்று பொருள்.

கொண்டை முழுக்க, ஓரம் நடு என்ற பேதம் இல்லாமல், பத்துக்கு ஏழு எட்டு பொக்காக இருந்தால்? உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இதுதான் உங்கள் கதை என்று தோன்றுகிறது. இங்கே இன்னொரு சோதனை செய்யுங்கள். உடைத்த ஓட்டுக்குள் மெல்லிய சவ்வு மட்டும் ஒட்டிக்கொண்டு வேறு ஒன்றும் இல்லையென்றால் மகரந்தமே சேரவில்லை. சுருங்கிய, ஒல்லியான பருப்பு ஒன்று உள்ளே இருந்தால் சேர்ந்திருக்கிறது, ஆனால் பிறகு வளர்க்க முடியாமல் செடி கைவிட்டிருக்கிறது. முதல் வகை தேனீப் பிரச்சினை அல்லது ரகப் பிரச்சினை. இரண்டாவது வகை தண்ணீர், இலை, சத்துப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வைத்தியமும் தப்பாகிவிடும்.

மகரந்தம் ஏன் சேராமல் போகிறது? ஒவ்வொரு தட்டுப்பூவும் முதல் நாள் ஆண், மறுநாள் பெண். காலையில் மகரந்தப் பைகள் குழல் போல ஒட்டிக்கொண்டு வெளியே நீளும். சூலகத் தண்டு அந்தக் குழலுக்குள் கீழே இருந்து மேலே வளர்ந்து, மகரந்தத்தைத் துப்பாக்கி துடைக்கும் கம்பி மாதிரி வெளியே தள்ளும். அடுத்த நாள் அதன் நுனி இரண்டாகப் பிரிந்து விரிந்த பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும். அதற்குள் அந்தப் பூவின் சொந்த மகரந்தம் பெரும்பாலும் போயிருக்கும். இது போதாதென்று, சூரியகாந்திக்குத் தன் மகரந்தத்தையே ஒதுக்கும் குணம் ஒன்றும் உண்டு. காட்டு வகைகளில் இது மிகக் கண்டிப்பு. பழைய நாட்டு ரகங்களிலும் ஓரளவு வலுவாக உண்டு. அதாவது, தன்னந்தனியாக ஒரே ஒரு செடி வைத்தால் எத்தனை தேனீ வந்தாலும் பொக்குதான் அதிகம் இருக்கும். பக்கத்துச் செடியின் மகரந்தம் வர வேண்டும். மகரந்தமோ கனமானது, பிசுபிசுப்பு கொண்டது, மேலெல்லாம் முள் முளைத்தது. காற்றில் பறந்து போகாது. பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு பயணிக்கத்தான் அப்படி அமைந்திருக்கிறது.

எண்ணெய்க்காக வளர்க்கும் இன்றைய கலப்பினங்களில் தன் மகரந்தத்தை ஏற்கும் குணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அதனால் தேனீ குறைந்த இடத்திலும் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அவற்றிலும் தேனீ வந்தால் விதை கூடுகிறது.

தேனீ என்றதும் பெட்டித் தேனீ மட்டும் நினைவுக்கு வருகிறது. அது தவறு. 2006இல் சாரா கிரீன்லீஃப், கிளேர் கிரெமென் இருவரும் கலிபோர்னியாவின் சூரியகாந்தி விதை உற்பத்தி வயல்களில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. காட்டுத் தேனீக்கள் இருக்கும் இடத்தில் பெட்டித் தேனீக்களின் வேலையே தரமாகிறது என்று அதில் கண்டார்கள். காட்டுத் தேனீ வந்து இடிக்கும்போது பெட்டித் தேனீ எழுந்து வேறு வரிசைக்குப் பறக்கிறது. மகரந்தம் ஓரிடத்திலேயே சுற்றாமல் வரிசை மாறிப் போகிறது. ஆகவே செடியைச் சுற்றி வேறு பூச்செடிகள் இருக்கட்டும், கிளறாத மண் கொஞ்சம் இருக்கட்டும். நிலத்தில் வளை தோண்டி வாழும் தேனீக்களுக்கு அதுதான் வீடு. பெரிய வயல் என்றால் எக்டருக்கு 2 முதல் 5 பெட்டிகள் வைப்பது பொதுவான பரிந்துரை.

அப்புறம் ரகம். இதைக் கேட்காமல் எதுவும் முடிவு செய்யக் கூடாது. அலங்காரத்துக்கும் பூங்கொத்துக்கும் விற்கும் சூரியகாந்தி விதைகளில் பல, மகரந்தமே இல்லாத ரகங்கள். மேசை விரிப்பிலும் உடையிலும் மஞ்சள் பொடி கொட்டக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே ஆண்மலட்டுத்தன்மையைக் கொண்டு உருவாக்கியவை. பூ நாள்கணக்கில் வாடாமலும் நிற்கும். அப்படிப்பட்ட 30 செடிகளை மட்டும் வைத்தால் பக்கத்தில் மகரந்தம் தரும் செடி ஏதும் இல்லாதவரை ஓடு மட்டும்தான் கிடைக்கும். உரம் போட்டாலும், போரான் என்ற நுண்சத்தைத் தெளித்தாலும், தேனீப் பெட்டியே கொண்டுவந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. பொட்டலத்தில் ‘மகரந்தமற்றது’ என்று இருக்கிறதா பாருங்கள். பொட்டலம் போய்விட்டதென்றால் அடுத்த முறை பூத்ததும் காலை 10 மணி வாக்கில் விரலால் தட்டைத் தடவிப் பாருங்கள். விரல் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

பொம்மைக் கரடி போல் கொசகொசவென்று நிறைந்த அடுக்குப்பூ ரகங்களும் விதைக்கு உரியவை அல்ல. அவற்றில் தட்டுப்பூக்கள் கதிர்ப்பூ மாதிரி நீண்டுவிட்டன. வான்கோ வரைந்த சூரியகாந்திகள் சிலவற்றில் இந்த அடுக்குப்பூ இருக்கிறது. அதன் மரபணுக் காரணத்தை 2012இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் பர்க் குழு கண்டுபிடித்தது. பார்க்க அழகு, பருப்புக்கு ஆகாது.

சென்ற ஆண்டுக் கலப்பினச் செடியில் இருந்து விதை எடுத்து வைத்து விதைத்தீர்களா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1960களின் இறுதியில் பிரான்சில் பாட்ரிஸ் லெக்லெர்க் என்ற ஆராய்ச்சியாளர், காட்டுச் சூரியகாந்தி ஒன்றோடு பயிர்ச் சூரியகாந்தியைக் கலந்து ஆண்மலட்டு வரிசை ஒன்றைக் கண்டார். பூவைக் கையால் மலடாக்காமலே கலப்பின விதையைப் பெருமளவில் செய்ய அதுதான் வழி திறந்தது. கலப்பின விதையில் அந்த மலட்டுத்தன்மையும் இருக்கும், அதைச் சரிசெய்யும் ஒரு மரபணுவும் தந்தை வழியில் வந்திருக்கும். அதனால் நீங்கள் வாங்கி விதைக்கும் முதல் தலைமுறையில் எல்லாச் செடியிலும் மகரந்தம் வரும். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் மரபணுக்கள் பிரிந்து, சரிசெய்யும் மரபணு சில செடிகளுக்குக் கிடைக்காமல் போகும். சுமார் கால்வாசிச் செடிகள் மகரந்தமின்றி நிற்கும். உயரமும் ஒரே மாதிரி இருக்காது, பூக்கும் நாளும் முன்னே பின்னே போகும். கலப்பினத்துக்குப் புது விதைதான். விதை எடுத்து வைத்து மறுபடி போட ஆசை என்றால் கலப்பினமல்லாத ரகத்தை வாங்குங்கள்.

இனி, அடுத்த முறை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள். விதைத்ததில் இருந்து பூக்க, ரகத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஏறக்குறைய 55 முதல் 70 நாள் ஆகும். அந்தப் பூக்கும் பத்து நாள் அடைமழையிலும் விழக் கூடாது, கொதிக்கும் வெயிலிலும் விழக் கூடாது. சூரியகாந்தி பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத செடி என்பதால் விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க நமக்கு நிறைய சுதந்திரம் இருக்கிறது. குளிர் நாடுகளில் மட்டும் மண் 10 டிகிரிக்குச் சூடான பிறகு விதைக்க வேண்டும். அதற்குமுன் போட்டால் முளைப்பு இழுத்துக்கொண்டே போகும்.

வாரம் நான்கு செடி என்று சிலர் தவணை முறையில் விதைப்பார்கள், நீண்ட நாள் பூ இருக்கட்டும் என்று. பூவுக்கு அது நல்ல யோசனை, விதைக்கு மோசமான யோசனை. ஒரு கொண்டை மலர்ந்திருப்பதே ஒரு வாரம், பத்து நாள். ஒரு மாத இடைவெளியில் விதைத்த இரண்டு செடிகள் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. விதை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுங்கள். வேலி ஓரமாக ஒற்றை வரிசையில் நீட்டாமல், சதுரமாக ஐந்தாறு வரிசையில் நெருங்கிய கூட்டமாக வையுங்கள். தேனீ ஒரு கொண்டையில் இருந்து அடுத்ததற்குப் போவது எளிது, தூரத்தில் இருந்து பார்வையிலும் படும்.

நெருங்கிய கூட்டம் என்றால் முட்டிக்கொண்டு நிற்பது அல்ல. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. என்பது கலப்பினங்களுக்கு வழக்கமான கணக்கு. அப்படிப் போட்டால் எக்டருக்கு 55,000 செடிகளுக்குக் கொஞ்சம் மேலே வரும். பெரிய கொண்டை வேண்டுமென்று 1 மீட்டர் இடைவெளி விடுகிறவர்கள் உண்டு. கொண்டை பெரிதாகும், உண்மைதான்; ஆனால் மிகப் பெரிய கொண்டையில் நடுப்பகுதி நிறைவதும் கடினம், காய்வதும் தாமதம். 15 முதல் 20 செ.மீ. கொண்டை நிறைந்து வந்தால் அதுவே நல்ல விளைச்சல்.

ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதைத் தவிர்த்து, நேரடியாக விதையுங்கள். குழிக்கு இரண்டு விதை, 3 முதல் 4 செ.மீ. ஆழம். முளைத்து 10, 15 நாளில் நல்லதை வைத்துவிட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். இரக்கப்பட்டு இரண்டையும் விட்டால் இரண்டுமே கெடும். முளைக்கும்போது வித்திலைகள் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். மேல்மண் இறுகி ஓடு கட்டியிருந்தால் கழுத்து ஒடிந்து போகும், எனவே முதல் வாரம் மண் பொருபொருவென்று இருக்கட்டும். தொட்டியில் வளர்ப்பதானால் 15 லிட்டருக்குக் குறையாத தொட்டி, செடி குட்டை ரகம். ராட்சத ரகத்தைச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டு நடுவில் பொக்கு என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

வேர் நல்ல மண்ணில் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும். இதனால் சூரியகாந்திக்கு வறட்சி தாங்கும் செடி என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நம்பித் தண்ணீரை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். செடி சாகாமல் தாங்கும், அவ்வளவுதான், பருப்பு தாங்காது. மொட்டு விடுவதில் இருந்து பூத்து, பால் பிடித்து, பருப்பு இறுகும் வரை, அதாவது பூப்பதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும், ஈரம் குறையவே கூடாது. தண்ணீர் கையில் குறைவாக இருந்தால் இளம்பருவத்தில் சிக்கனமாக இருந்துவிட்டு இந்த ஆறு வாரத்துக்குச் சேமித்து வையுங்கள். தேங்கவும் விடக் கூடாது. வேர் மூச்சுத் திணறினாலும் இலை வாடும், அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்.

உரத்தைப் பற்றி நீண்ட பாடம் தேவையில்லை. மக்கிய தொழு உரம் அடியில். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பாதியை விதைக்கும்போதும், மீதியை 30ஆம் நாள் களையெடுத்து மண் அணைக்கும்போதும் கொடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி வாளிப்பாகி இலை நோய்க்கு இடம் கொடுக்கும், காற்றில் சாயும், பருப்பில் எண்ணெயும் குறையும். உங்கள் செடி ஆள் உயரத்துக்கு மேல் போனதாகச் சொல்கிறீர்கள், ரகம் அப்படியோ என்னவோ, உரத்தை இன்னும் கூட்டாதீர்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது போரான். சூரியகாந்தி இந்தச் சத்துக் குறைவை முதலில் காட்டிக்கொடுக்கும் செடிகளில் ஒன்று. மண்ணில் போரான் குறைவா என்று அறிய இதையே அடையாளப் பயிராக வளர்ப்பதும் உண்டு. மகரந்தம் சூல்முடியில், அதாவது சூலகத் தண்டின் நுனியில், விழுந்து, குழாய் விட்டு, சூலுக்கு இறங்க போரான் தேவை. அது குறைந்தால் தேனீ தன் வேலையை முடித்த பிறகும் கரு உண்டாகாது. இந்தச் செடியில் போரான் பழைய இலையில் இருந்து புது இலைக்கு நகராது, வேரில் இருந்து நீரோடு வந்தால்தான் உண்டு. அதனால் அறிகுறி இளம் இலையிலும் கொண்டையிலும் வரும்: இலை தடித்துச் சுருண்டு அடியில் பழுப்பாகும், கொண்டை கோணலாகும், மோசமான நிலையில் கொண்டைக்குக் கீழே தண்டு கத்தியால் வெட்டின மாதிரி முறிந்து விழும். மணற்பாங்கான மண், சுண்ணாம்பு மிகுந்த மண், வறண்டு கிடக்கும் மண் மூன்றிலும் இது அதிகம். கதிர்ப்பூக்கள் விரியத் தொடங்கும் நேரத்தில் லிட்டருக்கு 2 கிராம் வெண்காரத்தை, அதாவது போராக்ஸை, முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பிறகு மீதி நீரில் கலந்து கொண்டை மேல் படும்படி தெளிப்பது வழக்கமான பரிந்துரை. தேனீ இல்லாத மாலையில் தெளியுங்கள். நல்லது என்று 5 கிராம் போடாதீர்கள். போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, இலை ஓரம் கருகிவிடும்.

தேனீ நடமாட்டம் கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் கையால் சேர்த்துவிடலாம். 30 செடிக்கு அரை மணி நேர வேலை. காலை 9 மணியில் இருந்து 11 மணிக்குள், பூத்த கொண்டையை மெல்லிய துணி சுற்றிய கையால் லேசாகத் தடவி, அதே கையால் அடுத்த கொண்டையைத் தடவ வேண்டும். அல்லது பக்கத்துப் பக்கத்துக் கொண்டை இரண்டையும் முகத்தோடு முகம் மெதுவாக உரசலாம். ஒருநாள் செய்துவிட்டு விட்டால் ஒரு வளையத்துக்குத்தான் பலன். ஒருநாள் விட்டு ஒருநாளாக, பூ நடுவரை மலர்ந்து முடியும்வரை நான்கைந்து தடவை செய்ய வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சூல்முடி நசுங்கும். முன்பு ஒரு தடவை நான் ஆர்வக்கோளாறில் பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்து, இருந்த விதையையும் கெடுத்துக்கொண்டேன்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது கிழக்கு திறந்திருக்கட்டும். இளஞ்செடி பகலெல்லாம் சூரியனோடு திரும்பும், இரவில் மீண்டும் கிழக்கே வந்து காத்திருக்கும். பூத்து முற்றியதும் ஆட்டம் நின்று கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். தண்டின் ஒருபக்கம் பகலிலும் மறுபக்கம் இரவிலும் கூடுதலாக வளர்வதால்தான் இந்தத் திருப்பம். 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஸ்டேசி ஹார்மர் குழுவினர், கிழக்கே பார்த்த தொட்டிச் செடிகள் சிலவற்றை மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு பார்த்தவை காலையில் சீக்கிரம் சூடாகின. காலை வேளையில் அவற்றுக்குச் சுமார் ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தன. ஆகவே கிழக்கே உயரமான சுவர் மறைக்கும் இடம் வேண்டாம். தொட்டியில் வைத்திருக்கிறவர்கள், வாசலைப் பார்த்துப் பூ இருந்தால் அழகு என்று பூத்த பிறகு தொட்டியைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

பூச்சி, நோய் விஷயத்தில் ஒரே கட்டளை: பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம். கொண்டையைக் குடையும் பச்சைப் புழுவைப் பயந்து மருந்தடித்து, தேனீயை விரட்டி, புழு தின்றதைவிடப் பத்து மடங்கு இழப்பதைப் பார்த்திருக்கிறேன். சில செடிதான் என்றால் புழுவைக் கையால் பொறுக்கலாம். புழு குடைந்த காயத்தில் மழை ஈரம் சேர்ந்தால் கொண்டை அழுகல் பிடிக்கும். அப்படிப்பட்ட கொண்டையை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள். இலைப்புள்ளியும் துருவும் கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். பருப்பை நிறைப்பதில் மேல் இலைகளின் பங்குதான் பெரிது, ஆகவே நோய் மேலே ஏறாமல் பார்ப்பதே குறிக்கோள். பார்த்தீனியச் செடி சுற்றிலும் இருந்தால் பூப்பதற்கு முன்பே பிடுங்குங்கள். அதுவும் இதே குடும்பம். அதன் மகரந்தத்தில் இருக்கும் வைரஸை இலைப்பேன்கள் சுமந்து வந்து சூரியகாந்தியில் கருகல் நோயை உண்டாக்கும். ஒரே மண்ணில் வருடாவருடம் போடாமல் மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி விட்டால் மண்வழி நோய்கள் அடங்கும்.

கிளிகள் வரும் இடமானால் கொண்டைக்குத் துணிப்பை கட்டலாம். ஆனால் எப்போது கட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள். கதிர்ப்பூக்கள் வாடி, நடுப்பூக்கள் எல்லாம் மலர்ந்து முடிந்த பிறகே பை. மொட்டிலேயே கட்டிவிட்டுப் பொக்கு என்று கேட்டவர்கள் உண்டு. தேனீக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நீங்கள் பை கட்டியதாக எழுதவில்லை, கட்டியிருந்தால் அதுவே முழு விடையாக இருக்கலாம்.

கொண்டையின் முதுகுப்பக்கம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாகும்போது பருப்பு வளர்ச்சி முடிந்துவிட்டது. பூத்து 30, 35 நாளில் இது வரும். அப்போது விதையில் ஈரம் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். முதுகு பழுப்பாகும்வரை விட்டு அறுத்து, குவித்து வைக்காமல் முகம் மேலாகப் பரப்பிக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பச்சையில் அறுத்தால் நிறைந்துகொண்டிருந்த பருப்பு அப்படியே ஒல்லியாக நின்றுவிடும். அதையும் பொக்கு என்று கணக்கில் சேர்த்துவிடுவோம். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு சேமியுங்கள்.

பொக்கை நீரில் போட்டுப் பிரிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நெல்லுக்கு அது சரிப்படும், சூரியகாந்திக்குச் சரிப்படாது. ஓட்டுக்குள் காற்றிடம் இருப்பதாலும் பருப்பில் எண்ணெய் நிறைந்திருப்பதாலும் நல்ல விதையே தண்ணீரைவிட லேசு, அதுவும் மிதக்கும். மிதந்ததையெல்லாம் கொட்டினால் நல்லதும் போய்விடும். முறத்தில் புடைத்தோ காற்றில் தூற்றியோ பிரியுங்கள். அப்படிப் பிரித்த நல்ல விதையை உடனே நட்டுப் பார்த்து முளைக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது விதைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாத உறக்கம் உண்டு. அந்தக் காலம் கழிந்ததும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.